தரவை நம்பும் நிறுவனத்தில் புதிய காப்பிரைட்டர்: முதல் பிரீஃபிலிருந்து முதல் சோதனை முடிவு வரை

தரவை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் மார்க்கெட்டிங் நிறுவனத்தில் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வரிகளை எழுதுகிறவராக, சேர்பவருக்கு முதல் மாதத்திலேயே ஒரு விஷயம் உறைத்துவிடும். எழுதிய வரி நன்றாக இருக்கிறதா என்று அங்கே யாரும் நெடுநேரம் விவாதிப்பதில்லை. அதை வெளியிட்டுவிட்டு, அதன் பக்கத்தில் வந்து விழும் எண்ணைப் பார்க்கிறார்கள். 'நன்றாக எழுதுகிறவர்' என்ற பெயருடன் உள்ளே வந்தவருக்கு இது முதலில் சற்று அவமானமாகக்கூடத் தோன்றும்; எனக்குத் தோன்றியது. ஆனால் ஒரு தலைப்பை எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைத்தான் எண் சொல்லும். ஏன் செய்தார்கள் என்பதை அது சொல்லாது. அந்தக் காரணத்தைப் பற்றிய ஒரு ஊகம் எழுதுவதற்கு முன்பே எழுதுகிறவரிடம் இருந்திருந்தால்தான், பின்னால் வரும் எண்ணிலிருந்து அவர் எதையாவது கற்றுக்கொள்ள முடியும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே அமைந்தவை.

இந்த முறையை இணையம் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தபால் வழி விற்பனை பெருகிய 1920களிலேயே, பத்திரிகை விளம்பரத்தின் மூலையில் இருக்கும் கூப்பனில் ஒரு குறியீட்டை அச்சிட்டு, எந்தத் தலைப்பைப் பார்த்து எத்தனை கூப்பன்கள் திரும்பி வந்தன என்று எண்ணினார்கள். அன்று வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த கணக்கு இன்று மறுநாள் காலையில் கிடைக்கிறது. அந்த வேகம் வசதிதான். எந்த அளவுக்கு ஆபத்து என்பதைக் காத்திருத்தல் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

முதல் வாரம்: எழுதாமல் பார்க்க வேண்டியவை

சேர்ந்தவுடன் எழுதிக் காட்ட வேண்டும் என்ற பரபரப்பு எல்லோருக்கும் இருக்கும். அதை ஒரு வாரம் ஒத்திப்போடுங்கள். அந்த வாரத்தில் மூன்று இடங்களுக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்: விளம்பரங்களின் எண்கள் தெரியும் டாஷ்போர்டு, இதுவரை நடந்த சோதனைகளின் (ஒரே விளம்பரத்துக்கான வெவ்வேறு வரிகளைப் பார்வையாளர்களிடையே பிரித்துக் காட்டி ஒப்பிடுவது) பதிவேடு, நிறுவனத்தின் அல்லது வாடிக்கையாளர் பிராண்டின் மொழிநடைக் குறிப்பு. பதிவேடு என்று ஒன்று இல்லாத நிறுவனங்களும் உண்டு; அப்படியானால் பழைய மின்னஞ்சல்களையும் அறிக்கைகளையும் தோண்டி நீங்களே ஒன்றைத் தொடங்கிவிடலாம். புதியவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள முதல் வேலை அதுவே என்பது என் கருத்து.

டாஷ்போர்டில் இருபது முப்பது நெடுவரிசைகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது நான்கைந்துதான். ஒரு விளம்பரம் 10,000 முறை திரையில் தோன்றியது, அது இம்ப்ரெஷன். 200 பேர் கிளிக் செய்தார்கள், ஆகவே கிளிக் விகிதம் 2 சதவீதம். அந்த 200 பேரில் 10 பேர் பதிவு செய்தார்கள், ஆகவே கிளிக் செய்தவர்களிடையே கன்வெர்ஷன் விகிதம் 5 சதவீதம். பார்த்த அத்தனை பேரையும் வைத்துக் கணக்கிட்டால் 0.1 சதவீதம். இந்தப் பத்துப் பதிவுகளைப் பெற ஆன மொத்த விளம்பரச் செலவைப் பத்தால் வகுத்தால் ஒரு பதிவுக்கான செலவு கிடைக்கும். மேலாளர்கள் கூட்டங்களில் அதிகம் கேட்பது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

இவற்றில் எந்த எண் உங்கள் எழுத்தால் நகரக்கூடியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். விளம்பரத் தலைப்பு கிளிக்கைத் தூண்டுகிறது. கிளிக் செய்தவர் வந்து சேரும் பக்கமான லேண்டிங் பேஜில் இருக்கும் எழுத்து பதிவைத் தூண்டுகிறது. பொருளின் விலையும் படிவத்தின் நீளமும் இரண்டையும் விழுங்கிவிடக்கூடியவை. பன்னிரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும் படிவத்துக்கு மேலே எவ்வளவு அழகான வரியை வைத்தாலும் அது பெரிதாக எதையும் செய்துவிடாது. இதைத் தெரிந்துகொள்வது சாக்குச் சொல்வதற்காக அல்ல. 'படிவத்தில் நான்கு கட்டங்களை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா' என்று புதியவர் கேட்கும் கேள்வியைத் தரவை நம்பும் இடத்தில் மதிப்பார்கள் என்பதற்காக.

பிரீஃபை வாசித்து, திருப்பி எழுதுதல்

பிரீஃப் என்பது என்ன எழுத வேண்டும் என்று சொல்லி வரும் வேலைக் குறிப்பு; பெரும்பாலும் அவசரத்தில் எழுதப்பட்ட ஒன்று. 'சிறு வணிகர்களுக்கான பில் போடும் மென்பொருள். 14 நாள் இலவசச் சோதனைக்குப் பதிவுகள் கூட வேண்டும். நம்பகமான, நட்பான தொனி' என்று மூன்று வரியில் வந்து நிற்கும். இதை அப்படியே எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால், மூன்று நாள் கழித்து 'நாங்கள் நினைத்தது இதுவல்ல' என்ற பதில் வரும்.

ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை எழுதக் கூடாது. இதை வாசிக்கப்போகிறவர் யார், அவர் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்? வாசித்ததும் அவர் செய்ய வேண்டிய ஒரே செயல் என்ன? அது நடந்ததா என்பதை எந்த எண்ணால் அறிவோம், இப்போது அந்த எண் எவ்வளவு? நாம் சொல்லப்போவதற்கு ஆதாரம் என்ன இருக்கிறது? எதைச் சொல்லக் கூடாது? இவற்றில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் கேட்கப் புதியவர்கள் தயங்குவார்கள். இப்போதைய எண் தெரியாமல் தொடங்கிய வேலைக்கு முடிவில் பாராட்டும் கிடைக்காது, பாடமும் கிடைக்காது.

விடைகள் கிடைத்ததும், பிரீஃபை உங்கள் சொற்களில் நான்கு வரிகளாகத் திருப்பி எழுதி, அனுப்பியவருக்கே அனுப்புங்கள். 'நான் புரிந்துகொண்டது இது, சரிதானா?' என்ற ஒரு வாக்கியம் போதும். அதற்கு வரும் திருத்தமே உண்மையான பிரீஃப்.

வாடிக்கையாளரின் சொற்களைத் திரட்டுதல்

எழுதுவதற்கு முன் செலவிட வேண்டிய நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்கலாம். பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதிய விமர்சனங்கள், உதவி கேட்டு அனுப்பிய செய்திகள், விற்பனைப் பிரிவினரின் தொலைபேசி உரையாடல் பதிவுகள், இணையதளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் தட்டிய சொற்கள் ஆகியவை நிறுவனத்துக்குள்ளேயே கிடக்கும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஐந்து நட்சத்திர விமர்சனங்களில் 'மிக அருமை' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது, ஒரு நட்சத்திர விமர்சனங்களில் கோபம் மட்டுமே இருக்கும். மூன்றும் நான்கும் கொடுத்தவர்கள்தாம் எது பிடித்தது, எது இடித்தது என்று விளக்கமாக எழுதுகிறவர்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் அவர்கள் சொன்னதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் பதிந்து, பக்கத்தில் இது எதைப் பற்றியது (சிக்கல், பயன், தயக்கம், மாற்றுப் பொருள்) என்று குறியுங்கள். பெயர், எண், முகவரி போன்றவற்றைப் பதியும்போதே நீக்கிவிட வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்பு, 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அமலுக்கு வந்த பிறகு, எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

மேலே சொன்ன பில் மென்பொருளுக்காக நான் ஒரு முறை இப்படித் திரட்டியபோது, ஒருவர் எழுதியிருந்த வரி இது: 'மாசக் கடைசியில ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை போச்சு.' என் முதல் வரைவில் நான் எழுதி வைத்திருந்த தலைப்போ, 'உங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.' இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது, என்னுடையதை எந்த நிறுவனமும் எந்தப் பொருளுக்கும் போட்டுக்கொள்ளலாம் என்பது புரிந்தது. அவருடைய வரியில் ஒரு நாள் இருக்கிறது, ஒரு வேளை இருக்கிறது, ஒரு சலிப்பு இருக்கிறது.

ஊகம் இல்லாமல் மாற்று வரி இல்லை

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்; ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

'மூன்று மாற்றுகள் கொடுங்கள்' என்று கேட்டதும், 'இன்றே தொடங்குங்கள்', 'இப்போதே தொடங்குங்கள்', 'இன்றே இலவசமாகத் தொடங்குங்கள்' என்று மூன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். என் முதல் சோதனைக்கு நானும் இப்படித்தான் கொடுத்தேன். எங்கள் பகுப்பாய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, 'இதில் எது மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். மாறியதைத்தான் என்னால் அளக்க முடியும்' என்றார். என்னிடம் பதில் இல்லை. சொற்கள் மாறியிருந்தனவே தவிர, வாசகரிடம் சொல்லும் செய்தி மாறவில்லை. அவற்றுள் ஒன்று வென்றிருந்தாலும் அடுத்த விளம்பரத்துக்கு எடுத்துச் செல்ல எதுவும் கிடைத்திருக்காது.

மாற்று என்பது வேறு ஊகத்திலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். ஊகத்தை எழுதும் முறை எளிது: இன்ன வாசகர் இன்ன காரணத்தால் தயங்குகிறார் அல்லது இன்னதை விரும்புகிறார் என்று நினைக்கிறோம், ஆகவே இன்னதைச் சொன்னால் இன்ன எண் கூடும் என்று எதிர்பார்க்கிறோம். பில் மென்பொருளுக்கு நாங்கள் மீண்டும் உட்கார்ந்து எழுதியவை இவை. வணிகருக்கு வலிப்பது நேர இழப்பு என்று நினைத்தால், 'மாதக் கடைசி இரவு இனி உங்களுடையது.' அவருக்கு இது எப்படி வேலை செய்யும் என்ற சந்தேகம்தான் தடை என்று நினைத்தால், 'பில் போட்டதும் கணக்கும் முடிந்தது.' அவரை உறுத்துவது வர வேண்டிய பணம் என்று நினைத்தால், 'யார் எவ்வளவு பாக்கி? ஒரே திரையில்.' இவற்றில் எது வென்றாலும் வாசகரைப் பற்றி ஒரு செய்தி கிடைக்கும். எது தோற்றாலும் கிடைக்கும்.

ஊகத்தை வரிக்குப் பக்கத்திலேயே, வெளியிடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். முடிவு வந்த பிறகு எழுதினால், வந்த முடிவுக்கு ஏற்றபடி மனம் ஒரு காரணத்தைத் தைத்துக் கொடுத்துவிடும். அது மனித இயல்பு. நேர்மைக் குறைவு அல்ல, ஆனால் விளைவு ஒன்றுதான்.

ஒரு சோதனையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்று பாடங்களில் சொல்வார்கள். தலைப்பையும் படத்தையும் பொத்தானையும் ஒன்றாக மாற்றிவிட்டால், எது விளைவை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் போதிய பார்வையாளர்கள் இருந்தால், சேர்க்கைகள் அனைத்தையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். 2008ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு தன் இணையதள முகப்பில் அதைச் செய்தது. நான்கு பொத்தான் வாசகங்கள், ஆறு படங்களும் காணொளிகளும், ஆக 24 சேர்க்கைகள், 3,10,382 பார்வையாளர்கள். முதலில் இருந்த பக்கத்தில் 8.26 சதவீதம் பேர் பதிவு செய்தார்கள். வென்ற சேர்க்கையில் 11.6 சதவீதம். 'பதிவு செய்யுங்கள்' என்ற பொத்தானை 'மேலும் அறியுங்கள்' என்பது வென்றது. குழுவினருக்கு மிகவும் பிடித்திருந்தது ஒரு காணொளி. காணொளிகள் அனைத்தும் சாதாரணப் படங்களிடம் தோற்றன. சோதிக்காமல் முடிவெடுத்திருந்தால் அந்தக் காணொளியைத்தான் போட்டிருப்பார்கள்.

இட அளவும் தமிழ் எழுத்தும்

கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு விளம்பரத்துக்கு 15 தலைப்புகள் வரை, ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். 4 விளக்க வரிகள் வரை, ஒவ்வொன்றும் 90 எழுத்துக்குள் கொடுக்கலாம். அவற்றிலிருந்து கூகுளே சிலவற்றைத் தேர்ந்து, தான் விரும்பும் வரிசையில் சேர்த்துக் காட்டும். ஆகவே முதல் தலைப்பில் தொடங்கி இரண்டாவதில் முடியும் வாக்கியத்தை எழுதினால், அது தலைகீழாக வந்து நிற்கக்கூடும். ஒவ்வொரு தலைப்பும் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும். எந்த இரண்டு சேர்ந்தாலும் ஒன்றையே இரு முறை சொல்வதாக இருக்கக் கூடாது. கட்டாயமாக ஓரிடத்தில் வர வேண்டிய தலைப்பை அங்கேயே பொருத்தி வைக்க வசதி உண்டு. ஆனால் எல்லாவற்றையும் பொருத்திவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோட் முறையில் உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது. புள்ளி வைத்த மெய்யும் அப்படித்தான். 'இன்றே பதிவு செய்யுங்கள்' என்பதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 12, இடைவெளிகள் 2. கணினியின் கணக்கிலோ அது 23. 'பதிவு செய்க' என்றால் 11. குறுஞ்செய்தியில் இதன் விளைவு நேரடியானது: ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும் செய்தி ஒன்றில் 160 இடங்கள் உண்டு, வழக்கமான யூனிகோட் முறையில் தமிழில் அனுப்பினால் 70தான். அதைத் தாண்டினால் செய்தி உடைந்து, ஒவ்வொரு துண்டும் 67 இடங்கள் கொண்டதாகி, துண்டுக்கு ஒரு கட்டணம் என்று கணக்காகும். ஒரு லட்சம் பேருக்கு அனுப்பும் செய்தியில் ஒரே ஒரு 'உங்கள்' கூடிப்போனதால் செலவு இரட்டிப்பாவதை வாடிக்கையாளர் மறக்க மாட்டார். மனக்கணக்கை நம்பாமல், எழுதியதை அனுப்பும் கருவியிலேயே ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

வெளியிடுவதற்கு முன்

இந்தப் படி சலிப்பூட்டுவது. ஆனால் புதியவர்களின் பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மின்னஞ்சலில் வாசகரின் பெயரைத் தானாக நிரப்பும் குறியைப் போட்டுவிட்டு, பெயர் இல்லாதவர்களுக்கு என்ன வரும் என்பதை நான் ஒரு முறை பார்க்காமல் விட்டேன். பட்டியலில் ஒரு பகுதியினருக்கு 'வணக்கம்' என்ற சொல்லும், அதன்பின் ஒரு காற்புள்ளியும், இரண்டுக்கும் இடையே ஒரு வெற்றிடமும் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து பெயர் உள்ள ஒரு முகவரி, பெயர் இல்லாத ஒரு முகவரி, மிக நீண்ட பெயர் உள்ள ஒரு முகவரி என்று மூன்று சோதனை முகவரிகளுக்கு அனுப்பி, கைபேசியில் திறந்து பார்க்காமல் எதையும் விடுவதில்லை.

இணைப்புகளில் இருக்கும் யுடிஎம் குறிகளையும் நீங்களே சரிபார்க்க வேண்டும். எந்தத் தளத்திலிருந்து, எந்த வழியில், எந்தப் பிரசாரத்தில், எந்த மாற்று வரியிலிருந்து ஒருவர் வந்தார் என்பதைச் சுமந்து செல்பவை அவை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் குறியையும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே குறியையும், இணையதள வருகைகளைக் கணக்கிடும் கருவியான கூகுள் அனலிடிக்ஸ் இரண்டு வெவ்வேறு வரிகளாகக் காட்டும். ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் பெயரிட்டிருந்தால், சோதனை முடிந்த பிறகு எண்களைக் கூட்டிச் சேர்க்கும் வேலை பகுப்பாய்வாளர் தலையில் விழும். அடுத்த முறை உங்கள் சந்தேகத்துக்கு அவர் அவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டார். பெயரிடும் முறையை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பின்பற்றுவதே இதற்கு வழி.

எழுத்தில் இருக்கும் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் எங்கே இருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக் கொடுங்கள். 'மிக வேகமானது', 'முதலிடம்', 'பாதி நேரத்தில்' போன்றவை யாராவது ஒருவர் கேள்வி கேட்கக்கூடிய கூற்றுகள். மின்னஞ்சலுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் வந்திருக்கின்றன. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளில் 5,000 மின்னஞ்சல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள், பட்டியலிலிருந்து எளிதாக விலகும் வழியைத் தர வேண்டும், ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்களின் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. ஆயிரத்துக்கு மூன்று பேர் என்பது எவ்வளவு சிறிய எண் என்பதை ஏமாற்றும் சப்ஜெக்ட் லைன் எழுதத் தோன்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளலாம்.

காத்திருத்தல்

வெளியிட்ட மறுநாள் காலை டாஷ்போர்டைத் திறந்தால், ஒரு வரி மற்றொன்றைவிட 40 சதவீதம் அதிகமாகச் செயல்படுவதாகப் பச்சை நிறத்தில் காட்டும். உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று கை பரபரக்கும். போடாதீர்கள்.

காரணம் எளிய கணக்கு. உங்கள் பக்கத்தில் வழக்கமாக 2 சதவீதம் பேர் பதிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். புதிய வரி அதை 3 சதவீதமாக்கும் என்றால், அதை நம்பகமாகக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரிக்கும் 4,000க்குச் சற்றுக் குறைவான பார்வையாளர்கள் வேண்டும். 2.4 சதவீதமாக்கும் என்றால் ஏறக்குறைய 21,000 பேர். 2.2 சதவீதமாக்கும் என்றால் 80,000 பேர் அளவில். (வழக்கமாகக் கொள்ளும் 5 சதவீதப் பிழை வரம்பும், அதாவது இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பும், 80 சதவீதக் கண்டறியும் திறனும், அதாவது இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும், வைத்துப் போட்ட கணக்கு இது.) வேறுபாடு பாதியானால் தேவைப்படும் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இதிலிருந்து எழுதுகிறவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு: போதிய பார்வையாளர்கள் இல்லாத பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சோதிப்பது வீண் வேலை, அங்கே துணிந்து முற்றிலும் வேறான செய்தியை எழுதிப் பார்க்க வேண்டும்.

எத்தனை பேர், எத்தனை நாள் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே பகுப்பாய்வாளருடன் பேசி முடிவு செய்து, அதுவரை தொடாமல் இருங்கள். தினமும் எட்டிப்பார்த்து, சாதகமாகத் தெரிந்த நாளில் நிறுத்திவிட்டால், வேறுபாடே இல்லாத இரண்டு வரிகளில் ஒன்று 'வென்றதாக'ப் பலமுறை தோன்றும். இதேபோல, உண்மையில் எந்தப் பயனும் இல்லாத 20 மாற்றுகளை 5 சதவீதப் பிழை வரம்பில் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாக வென்றதாகத் தெரிவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். குறைந்தது ஒரு முழு வாரமாவது ஓட விட வேண்டும். வேலை நாளில் வருகிறவரும் விடுமுறை நாளில் வருகிறவரும் ஒரே மனநிலையில் வருவதில்லை.

முடிவை வாசித்தல்

எண் வந்துவிட்டது என்பதால் முடிவு வந்துவிட்டதாகாது. சேர்ந்த புதிதில், சந்தா காலாவதியாகப்போகிறவர்களுக்கான மின்னஞ்சலுக்கு 'உங்கள் கணக்கில் ஒரு சிக்கல்' என்று ஒரு சப்ஜெக்ட் லைன் எழுதினேன். மற்ற வரியைவிட அதை மிக அதிகம் பேர் திறந்தார்கள். இரண்டு நாள் நான் பெருமையாகவே திரிந்தேன். அந்த வாரக் கடைசியில் பார்த்தால், புதுப்பித்தவர்கள் மற்ற வரியில்தான் அதிகம். என் வரியில் பட்டியலிலிருந்து விலகியவர்களும், 'என்ன சிக்கல்?' என்று பதறி உதவிப் பிரிவுக்கு எழுதியவர்களும் அதிகம். கணக்கில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். திறந்தவர் எண்ணிக்கையை மட்டும் வெற்றி என்று பிரீஃபில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த வரி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

திறப்பு விகிதத்தை நம்பாமலிருக்க வேறொரு காரணமும் சேர்ந்துவிட்டது. ஒரு மின்னஞ்சல் திறக்கப்பட்டதா என்பதை அதிலுள்ள படம் தரவிறங்குவதை வைத்தே கணக்கிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாடு, வாசகர் மின்னஞ்சலைத் திறக்காவிட்டாலும் அதிலுள்ள படங்களை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்கிறது. அனுப்பியவர் பக்கத்தில் அது திறக்கப்பட்டதாகவே பதிவாகிறது. ஆகவே சப்ஜெக்ட் லைனைச் சோதிக்கும்போதுகூடக் கிளிக்கையோ அதற்கு அடுத்த செயலையோ பார்ப்பதே பாதுகாப்பானது.

மொத்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பிரிவுகளையும் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: முதல் வரியைக் கைபேசியில் 8,000 பேர் பார்த்து 96 பேர் பதிவு செய்கிறார்கள், கணினியில் 2,000 பேர் பார்த்து 110 பேர் பதிவு செய்கிறார்கள், மொத்தம் 2.06 சதவீதம். இரண்டாம் வரியைக் கைபேசியில் 2,000 பேர் பார்த்து 20 பேர், கணினியில் 8,000 பேர் பார்த்து 400 பேர், மொத்தம் 4.2 சதவீதம். இரண்டாவது இரு மடங்கு வென்றதுபோல் தெரிகிறது. ஆனால் கைபேசியில் முதல் வரி 1.2, இரண்டாவது 1.0, கணினியில் முதல் வரி 5.5, இரண்டாவது 5.0. இரண்டு இடத்திலும் முதல் வரியே மேல். யாருக்கு எது காட்டப்பட்டது என்ற கலவை மாறியதால் வந்த தோற்றம் அது. பார்வையாளர்களைச் சீராகப் பிரிக்காமல், விளம்பரத் தளத்தின் தானியங்கி முறையே பகிர்ந்தளிக்கும்போது இது நடக்கக்கூடியதுதான். 'கைபேசியையும் கணினியையும் பிரித்துப் பார்க்கலாமா?' என்று கூட்டத்தில் கேட்கத் தெரிந்த புதியவரை யாரும் புதியவராக நடத்துவதில்லை.

எழுதும் கருவிகளைப் பற்றி

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஐம்பது தலைப்புகள் கேட்டால் அரை நிமிடத்தில் கிடைக்கும். மாற்று வரிகளைப் பெருக்கவும், நீளத்தைக் குறைத்துப் பார்க்கவும் அது உதவுகிறது. நீங்கள் திரட்டிய வாடிக்கையாளர் சொற்களையும் ஊகத்தையும் கொடுத்துக் கேட்டால், வெறுமனே கேட்டதைவிட நல்ல வரிகள் வரும். ஆனால் இல்லாத வசதியை இருப்பதாகவும், இல்லாத எண்ணை ஆதாரமாகவும் அது எழுதிவிடும் என்பதால், கூற்றுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையதே. வாடிக்கையாளரின் தனித் தகவல்களை அதில் ஒட்டுவதற்கு முன் நிறுவனத்தின் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவேடு

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி: தேதி, வாசகர், ஊகம், போட்டியிட்ட வரிகள் முழுமையாக, பார்த்த எண், முடிவு, அடுத்த கேள்வி. தோற்றவற்றையும், வேறுபாடு தெரியாமல் முடிந்தவற்றையும் விடாமல் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வரும் இன்னொருவர் அதே வரியைப் புதிதென்று நினைத்து மீண்டும் சோதிப்பார். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அழகான பத்து விளம்பரங்களின் படங்களைவிட, ரகசிய எண்களை நீக்கிவிட்டு 'இப்படி நினைத்தோம், இப்படி எழுதினோம், இது நடந்தது, பிறகு இதை மாற்றினோம்' என்று விளக்கும் மூன்று பதிவுகளே நேர்காணல் செய்பவரைப் பேச வைக்கும். முதலாளியின் அனுமதி இல்லாமல் எண்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பில் மென்பொருள் சோதனையின் பதிவு என்னிடம் இன்னும் இருக்கிறது. மாதக் கடைசி இரவைப் பற்றிய வரிதான் வெல்லும் என்று நான் உறுதியாக இருந்தேன். வாடிக்கையாளரின் வாயிலிருந்தே வந்ததல்லவா? வென்றது பாக்கி பற்றிய வரி. முடிவுக் கட்டத்துக்குப் பக்கத்தில், அன்று என் கையெழுத்தில் எழுதி வைத்த அடுத்த கேள்வி இது: 'மாதக் கடைசிச் சலிப்பை எழுதியவர் ஏற்கெனவே பொருளை வாங்கியவர். வாங்காதவருக்கு அந்த நிம்மதி தெரியாது, பாக்கி மட்டும் தெரியும். அப்படியானால் இரவைப் பற்றிய வரியை விளம்பரத்திலிருந்து எடுத்து, இலவசச் சோதனைக் காலம் முடியப்போகிறவர்களுக்கான 12ஆம் நாள் மின்னஞ்சலில் போட்டுப் பார்க்கலாமா?'